பின்பனியில் பால்மரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பிறந்தது கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், இப்போது இருப்பது செந்தூலில். மகள் ஜப்பானில் சப்போரோ நகரத்தில் வேலை பார்க்கிறாள். மார்ச் நடுவில் 12 நாள் அவளோடு இருக்க டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் “தப்பான நேரத்தில் போகிறீர்களே, மே மாதம் போனால் சாக்குரா பார்க்கலாமே” என்கிறார்கள். பனி விழாவும் பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகிறதாம். மகள் அனுப்பிய படங்களில் செத்த மரங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. சாலையோரம் கறுத்துப்போன ஐஸ் குவியல். மொட்டை மரத்தைப் பார்க்கவா இவ்வளவு செலவு என்று இருக்கிறது.

நமக்கு இங்கே பருவம் என்று ஒன்றும் கிடையாது. வருடம் முழுக்க ஒரே பச்சை. ஒரு தடவையாவது வசந்தத்தைக் கண்ணால் பார்க்க ஆசை. டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்றிவிடலாமா? மாற்றாவிட்டால் அங்கே எதைத்தான் பார்ப்பது? எனக்கு முட்டிவலி உண்டு. சைவம் வேறு. என்ன உடுத்துவது என்றும் தெரியவில்லை. நீங்கள் மரங்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

சரஸ்வதி, செந்தூல்

அன்புள்ள டீச்சர்,

சாப்பாட்டையும் உடுப்பையும் மகளிடம் கேளுங்கள், அங்கேயே இருக்கிறவளுக்குத் தெரியாததா? பனி விழா போனதற்கும் வருத்தம் வேண்டாம். பனியைக் கோட்டையாகவும் பொம்மையாகவும் செதுக்கி விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். கூட்டம் நெரியும். உங்கள் முட்டிக்கு ஆகாது.

ஆனால் இரண்டு வாக்கியங்களைத் தாண்டிப்போக முடியவில்லை. ‘செத்த மரங்கள்’ என்று ஒன்று. ‘வருடம் முழுக்க ஒரே பச்சை’ என்று இன்னொன்று. முதலாவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், சப்போரோவை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. கூலிம் தோட்டத்தில் பிறந்தவர் இரண்டாவதை எழுதலாமா, டீச்சர்?

நீங்கள் கடிதம் எழுதிய இந்த பிப்ரவரியில் கெடாவிலும் செபராங் பிறையிலும் மிச்சமிருக்கிற பால்மரக் காடுகள், அதாவது ரப்பர் தோட்டங்கள், எப்படி நிற்கின்றன என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஜனவரி கடைசியில் இலை மஞ்சளாகும், செம்பாகும், பிறகு காற்று வேண்டியதில்லை, தானாகவே கொட்டும். நிரைக்கு நிரை வெறும் கிளை. கணுக்கால் முழுகச் சருகு. வருடம் முழுக்க நிழலாகவே கிடந்த தரையில் வெயில் நேராக விழும். ஒருவர் பீடியை அணைக்காமல் போட்டால் போதும், காடு பற்றிக்கொள்ளும். துரைமார் இதற்கு வைத்த பெயர் ‘விண்டரிங்’. குளிர்காலமே இல்லாத ஊரில் மரம் குளிர்காலம் கொள்கிறதாம். ரப்பர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றைக்கும் அதே சொல்தான். தோட்டத்து லயன் வீடுகளில் அது இலை கொட்டுகிற மாதம், கைக்காசு குறைகிற மாதம். அந்த மாதத்துக் கடை பாக்கி எப்போது தீர்ந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பருவம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கைக்காசு ஏன் குறைந்தது? இலையில் உண்டாகும் சர்க்கரையிலிருந்துதான் மரம் பட்டைக்குள் பாலைச் செய்கிறது. இலை போனால் வரவு நின்றது. தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்து முழுக்கப் புதுத் துளிருக்குப் போகிறது. துளிர் செம்பு நிறத்தில் வரும், நனைந்த துணி மாதிரித் துவண்டு தொங்கும், இளம்பச்சையாகும், பிறகு விறைத்து நிமிரும். இதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் பட்டையில் கத்தி வைப்பது, பிள்ளை பெற்றவளை மூன்றாம் நாள் வேலைக்கு அனுப்புவது மாதிரி. ஒழுங்காக நடந்த தோட்டங்களில் துளிர் முற்றும்வரை பால்வெட்டை நிறுத்திவைப்பார்கள். நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு, கோடு போட்டும் பால் கசியாத மரங்கள் பெருகும்.

இன்னொன்று உண்டு. எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். பால்மரம் மொட்டையானால் மட்டும் போதாது. ஒரேயடியாக, மொத்தமாக மொட்டையாக வேண்டும். வறட்சி கெட்டியாக இருக்கும் வருடத்தில் மரம் முழுதும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டி முடித்து, மழை திரும்புவதற்குள் துளிர் விட்டு முற்றிவிடும். நடுவில் மழை புகுந்த வருடத்தில் பாதி மரம் கொட்டும், பாதி கொட்டாது. துளிர் ஒரே சமயத்தில் வராமல் இழுத்துக்கொண்டே போகும். காலைப் பனியும் ஈரக்காற்றும் உள்ள நேரத்தில் செம்புத் துளிர் தொங்கிக்கொண்டிருந்தால் அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். ஓயிடியம் என்பார்கள். மாவு தூவின மாதிரி இலையின் அடிப்பக்கம் வெளுக்கும், ஓரம் சுருளும், மறுபடியும் கொட்டும். இரண்டாம் தடவை கொட்டின மரத்துக்கு மூன்றாம் தடவை துளிர்க்க இருப்பு ஏது? அதற்காகத்தான் விடியுமுன், காற்று அசையாத நேரத்தில், இலை ஈரமாக இருக்கும்போதே கந்தகத் தூள் அடிப்பார்கள். வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை, துளிர் முற்றும்வரை. வெயில் ஏறி காற்று வந்த பிறகு அடித்தால் தூள் பக்கத்துக் காட்டுக்குப் போகும், காசு காற்றோடு போகும்.

ஜொகூரில் தெளிவான வறட்சி கிடையாது. அங்கே இலை உதிர்வும் அரைகுறைதான். கெடாவும் பினாங்கும் கொடுத்துவைத்தவை, இங்கே மழை சொன்ன மாதத்தில் நிற்கும். அமேசான் காட்டின் தெற்குப் பகுதியில் இந்த மரத்துக்கு உண்மையான ஒரு வறட்சிக்காலம் பழக்கம். 1877-ல் சிங்கப்பூர் வழியாக கோலகங்சாருக்கு வந்த கன்றுகள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டன. அவற்றில் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. மொட்டையாகி நிற்கும்போது போய்ப் பாருங்கள். யாரும் அதைச் செத்த மரம் என்று சொல்ல மாட்டார்கள், அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இப்போது சப்போரோ. செத்த மரம் என்று நீங்கள் எழுதியதைத் திருத்தாமல் விட மனமில்லை. மாணவன் எழுதியிருந்தால் நீங்களே சிவப்புக் கோடு போட்டிருப்பீர்கள். பட்ட மரம் வேறு, உதிர்ந்த மரம் வேறு. கையால் பிரித்தறியலாம். பட்ட கிளையை வளைத்தால் சடக்கென்று முறியும், நகத்தால் சுரண்டினால் உள்ளே பழுப்பு. உறங்கும் கிளை வளையும், பட்டைக்கு அடியில் பச்சை தெரியும். அங்கே பூங்காக்களில் சுரண்ட வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு மொட்டு இருக்கும். ‘மொட்டை மரம்’ என்று நாம் சொல்கிற மரத்தில் மொட்டு இல்லாத குச்சி ஒன்றைக் காட்டுங்கள், டிக்கெட் காசை நான் தருகிறேன்.

அந்த மொட்டுகள் வசந்தத்தில் உண்டாகிறவை அல்ல, டீச்சர். நீங்கள் மார்ச்சில் பார்க்கப்போகிற சாக்குரா மொட்டு போன வருடம் ஜூலை, ஆகஸ்டிலேயே கட்டியது. பூவின் எல்லா உறுப்பும் தானியமணி அளவுக்குச் சின்னதாக உள்ளே மடங்கி இருக்கிறது. கோடையில் ஏன் பூக்கவில்லை? இலைதான் தடுக்கிறது. இலையிலிருந்து வரும் ஒரு சுரப்பு மொட்டை உறங்கவைக்கிறது. 2018-ல் செப்டம்பர் புயல்கள் ஜப்பானில் பல இடங்களில் சாக்குரா இலைகளை அடித்து உதிர்த்தன. தடுக்க இலை இல்லை, வெயிலும் கொஞ்சம் இருந்தது, அக்டோபரிலேயே பூத்துவிட்டன. அப்படிப் பூத்த மொட்டு அடுத்த வசந்தத்துக்குக் கிடையாது.

ஒழுங்காக இலை உதிர்த்த மரத்தில் உறக்கத்தைக் கலைப்பது வெயில் அல்ல, குளிர். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஐந்து டிகிரியைச் சுற்றி, வாரக்கணக்கில் கிடந்த பிறகுதான் மொட்டு விழிக்கத் தயாராகும். குளிர் குறைந்த வருடங்களில் தெற்கே இருக்கும் ககோஷிமாவில் பூ தாமதமாகிவிடுகிறது. வெப்பமான ஊர்தானே முதலில் பூக்க வேண்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பும். குளிர்க் கணக்கு முடிந்த பிறகு வெயில் கணக்கு. டோக்கியோவில் பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வந்து 600 டிகிரி ஆனதும் பூக்கும் என்று ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கூட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பால்மரத்துக்கு வறட்சி, அங்கே குளிர். இங்கேயும் அங்கேயும் இலையை இறக்கிவிட்டுத்தான் மரம் எண்ணத் தொடங்குகிறது.

மே மாதத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். சப்போரோவில் சாக்குரா பூப்பது சராசரியாக மே முதல் தேதி வாக்கில். 2023-ல் ஏப்ரல் 15-க்கே பூத்துவிட்டது. பூ நிற்பது ஒரு வாரம், நடுவில் மழை வந்தால் அதுவும் இல்லை. இரண்டு மாதம் முன்பே தேதி குறித்து டிக்கெட் எடுப்பவருக்கு இது சூதாட்டம். மொட்டு அப்படி ஏமாற்றாது. மார்ச்சில் 12 நாளும் இருக்கும்.

எதைப் பார்ப்பது என்றால், 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பார்களே, அது. சுரங்க ரயிலில் மருயாமா பூங்கா நிலையத்தில் இறங்கினால் பூங்கா நடக்கிற தூரம்தான். பின்னால் இருக்கும் 225 மீட்டர் மருயாமா குன்றின் காடு 1921 முதல் இயற்கை நினைவுச்சின்னமாகக் காக்கப்படுவது. குன்றில் ஏறாதீர்கள், பாதை மிதிபட்டுக் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். அடிவாரம் போதும். ஹொக்கைடோ பல்கலைக்கழக வளாகமும் நல்ல இடம், பெரிய எல்ம் மரங்கள் நிற்கின்றன. பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவுக்குப் போய் ஏமாறாதீர்கள். வெளித்தோட்டம் ஏப்ரல் கடைசிவரை மூடியிருக்கும், கண்ணாடி வீடு மட்டும்தான் திறந்திருக்கும். அதில் இருப்பது நம் ஊர்ச் செடிகள்.

முதலில் மொட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். எதிரெதிரே ஜோடியாகவா, மாறி மாறியா? கட்சுரா மரத்தில் ஜோடி ஜோடியாக, நண்டுக் கொடுக்கு மாதிரி சிவப்பாக இருக்கும். தொச்சி மரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மொட்டு, தொட்டால் பிசின் ஒட்டும். பூச்சியும் பனியும் உள்ளே போகாதிருக்க மரமே பூசிக்கொண்ட வார்னிஷ் அது. மிசுனாரா ஓக்கில் நுனியில் நாலைந்து கூடிக் கும்பலாக நிற்கும். கோபுஷி மக்னோலியா மொட்டு வெள்ளிப்பூனை முடிபோல ரோமம் போர்த்தியது. அது வீங்கும்போது தெற்குப் பக்கத்தில் வெயில் பட்டு வேகமாக வளரும், அதனால் நுனி வடக்கே சாயும். நாலு மரத்தைப் பார்த்தால் திசைகாட்டி தேவையில்லை.

பிறகு மொட்டுக்குக் கீழே பாருங்கள். இலை உதிர்ந்த தழும்பு இருக்கும், அதில் புள்ளி புள்ளியாகத் தெரிவது இலைக்குத் தண்ணீர் போன குழாய்களின் வாய். ஜப்பானியக் காட்டு வால்நட் மரத்தில் அந்தத் தழும்பு ஆட்டு முகம் மாதிரியே இருக்கும், இரண்டு கண், ஒரு வாய். சிரித்துவிடுவீர்கள். இன்னும் கீழே குச்சியைச் சுற்றி மோதிரம் போட்டது மாதிரி நெருக்கமான வரிகள் வரும். அது போன வருடத்து நுனிமொட்டின் செதில்கள் விழுந்த இடம். அந்த மோதிரத்திலிருந்து நுனிவரை போன ஒரு வருடத்து வளர்ச்சி. ஒரு குச்சியில் ஒரு சாண் இருக்கும், நிழலில் நின்ற பக்கத்துக் கிளையில் ஒரு விரற்கடைதான் இருக்கும். ஒவ்வொரு வருடமும் வெயில் கிடைத்ததா இல்லையா என்று அதிலேயே படிக்கலாம்.

இந்தக் குச்சிகள் குளிரை எப்படித் தாங்குகின்றன என்பதை அதே பல்கலைக்கழகத்தில்தான் சோதித்தார்கள். அகிரா சகாய் என்ற ஆய்வாளர் 1960-ல் வெளியிட்டது. குளிர்காலத்தில் வெட்டிய வில்லோ போன்ற மரக் குச்சிகளை முதலில் மெதுவாக மைனஸ் 30 டிகிரி வரை குளிர்வித்து, பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமுக்கினார். வெளியே எடுத்தபின் அவை உயிரோடு இருந்தன. மெதுவாக என்பதுதான் இதில் முக்கியம். மெதுவாகக் குளிரும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே கசிந்து செல்களுக்கு நடுவில் உறைகிறது. உள்ளே எஞ்சுவது பாகுபோன்ற கெட்டிச் சர்க்கரைக் கரைசல். உள்ளே கூரான பனிப்படிகம் உண்டாகாததால் செல் கிழிவதில்லை. கோடையில் வெட்டிய குச்சிக்கு இந்த வித்தை தெரியாது, சில டிகிரி உறைபனியிலேயே கறுத்துப்போகும்.

‘கறுத்துப்போன ஐஸ் குவியல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழாசிரியை ஐஸ் என்று எழுதினால் எப்படி? நமக்குப் பனி என்றாலே புல்லில் நிற்கும் காலைத்துளிதான், ஒத்துக்கொள்கிறேன். உறைபனி, வெண்பனி என்று பிரித்துச் சொல்லலாமே. புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இல்லை, மற்றதெல்லாம் காற்று. மார்ச் மாதத்துப் பழைய பனி பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடியும் உருகி உறைந்து, குருணைச் சீனிபோல ஆகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் 35, 40 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும். அழுக்கு சேர்ந்த பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் குடிக்கும், அதனால் சீக்கிரம் உருகும். உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கறுப்புதான் வசந்தத்தை அவசரப்படுத்துகிறது. பூங்காவுக்குள் வெள்ளையாக இருப்பது கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி மறக்காதீர்கள்.

அந்த மாதத்தில் பகலில் நாலு ஐந்து டிகிரி, இரவில் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று கீழே. இரவில் உறைந்த மேல்தோடு விடியற்காலையில் ஆளைத் தாங்கும். கதாயுகி, கெட்டிப்பனி என்கிறார்கள். மார்ச் 20 வாக்கில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அதே இடத்தில் கால் முழங்கால்வரை புதையும், அதுவும் ஒரு கால் மட்டும். முட்டிவலிக்காரருக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. அந்தக் காடுகளின் தரை முழுக்க சாசா என்ற குட்டை மூங்கில் இனம். பனிக்காலத்தில் அது பனிக்கு அடியில் மடங்கிப் படுத்திருக்கும். பனி விலகியதும் டப்பென்று நிமிர்ந்து இடுப்புவரை நிற்கும். மே மாதம் போகச் சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா? பூவுக்காகப் போகிறவருக்குக் காட்டுக்குள் வழி கிடையாது.

மரத்தைச் சுற்றி மட்டும் பனி வட்டமாக உருகிக் கிணறுபோலத் தெரியும். நெபிராகி, வேர்த்திறப்பு என்று பெயர். மரத்தின் உடம்புச் சூடு அது, உயிரின் வெப்பம் என்றெல்லாம் உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் எழுதிவிடாதீர்கள். கருத்த தண்டு வெயிலைக் குடித்துச் சுற்றிலும் வெப்பமாக விடுகிறது, அவ்வளவுதான். மின்கம்பத்தைச் சுற்றியும் அதே வட்டம் இருக்கும். மின்கம்பத்துக்கு உயிர் உண்டா? மரம் உயிரோடு இருப்பதற்கு வேறு சாட்சிகள் நிறைய இருக்கின்றன, பொய்ச்சாட்சி வேண்டாம். அந்தக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள், ஓரம் சரியும்.

நல்ல சாட்சி வேண்டுமென்றால் இத்தாயா மேப்பிளைப் பாருங்கள். பனிப் பாரத்தில் முறிந்த குச்சியிலிருந்து மார்ச் மாதம் நீர் சொட்டும். இரவில் அது ஊசிபோல உறைந்து தொங்கும். நக்கினால் லேசாக இனிக்கும். ஷிமா எனாகா என்ற வெள்ளைப் பஞ்சுருண்டைக் குருவி அதில் தொங்கிக்கொண்டு குடிப்பதைப் படமெடுக்க ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். இரவு உறைய வேண்டும், பகல் உருக வேண்டும், இரண்டும் நடந்தால்தான் நீர் வரும். உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை இழுக்கிறது, உருகும்போது காயத்தின் வழியே தள்ளுகிறது. இதன் உறவான கனடா மேப்பிளில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு.

பால்மரம் பார்த்துப் பிறந்தவருக்கு இங்கே ஒரு வேடிக்கை தெரிய வேண்டும். நம் ஆட்கள் கத்தியைப் பட்டைக்குள் மட்டுமே ஓட்டுவார்கள். உள்மரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும், தாண்டினால் காயம், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அடுத்த சுற்றுக்கு வெட்டு ஓடாது. மேப்பிளுக்கு நேர்மாறு. பட்டையைத் தாண்டி உள்மரத்தில் நாலைந்து சென்டிமீட்டர் துளை போட்டால்தான் நீர். நம் வெட்டுக்காரரின் கத்தி நிற்கிற இடத்தில் அவர்களுடைய துளை தொடங்குகிறது. நம்முடையது விடியுமுன், மரம் தண்ணீரால் இறுகி இருக்கும்போது. வெயில் ஏறினால் மங்கில், பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழுவது குறையும். அவர்களுடையது வெயில் ஏறிய பிறகு. நம் மரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் தானே உறைந்து வாய் அடைத்துக்கொள்ளும், மறுநாள் ஒட்டுப்பாலாக உரிக்கலாம். மேப்பிள் நீர் உறைவது குளிரால் மட்டும். இலையே இல்லாத மாதத்தில் நாம் வெட்டை நிறுத்துகிறோம், அவர்கள் அப்போதுதான் தொடங்குகிறார்கள்.

‘ஒரே பச்சை’க்குத் திரும்ப வருகிறேன், விடமாட்டேன். கோலாலம்பூரிலும் இங்கே பினாங்கிலும் இந்த மாதங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் மரத்தைப் படம் எடுத்து ‘மலேசிய சாக்குரா’ என்று போடுகிறார்கள். அது சாக்குரா அல்ல. தெக்கோமா என்று நாம் சொல்லும் தபேபுயா, எல் சல்வடோரின் தேசிய மரம். வறட்சியில் இலையை உதிர்த்து, வெறுங்கிளையில் பூக்கும். பூ கண்ணில் பட்ட நாளில் எல்லாரும் நிற்கிறார்கள். பத்து நாள் முன்னால் மொட்டையாக நின்றபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடற்கரையில் கெத்தாப்பாங் மரம் சிவந்து கொட்டுகிறது, இலவம் மரம் காயோடு மட்டும் நிற்கிறது. தித்திவாங்சா மலைக்காட்டு மெராந்தி மரங்கள் சில வருடங்களுக்கு ஒரு தடவை, சொல்லிவைத்தது மாதிரிக் கூட்டமாகப் பூக்கின்றன. வறட்சியும், சில இரவுகள் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி அளவுக்குக் குளிர்வதும் அதற்குத் தூண்டுதல் என்கிறார்கள். போர்வையை இழுத்துக்கொள்ளக்கூட நமக்குத் தோன்றாத குளிர் அது.

தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் கொடுத்தார், நீங்கள் வகுப்பில் நடத்தியதுதான். மாசியும் பங்குனியும் பின்பனி. பாலையின் உரிப்பொருள் பிரிவு. கொளுத்துகிற வேனில் பிரிவுக்குப் பொருந்துவது எல்லாருக்கும் புரியும். பின்பனியை ஏன் கொடுத்தார் என்று எந்த மாணவராவது உங்களைக் கேட்டாரா? நீங்கள் போகிற 12 நாளும் மாசிக் கடைசியும் பங்குனித் தொடக்கமும். அங்கே போய் நின்று யோசியுங்கள்.

முட்டிக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன், இன்னும் சொல்லவில்லை. சப்பாத்தின் மேல் மாட்டிக்கொள்ளும் ஆணி வைத்த ரப்பர் பட்டை அங்கே கடைகளில் கிடைக்கும், முதல் நாளே வாங்குங்கள். கட்டடத்துக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், வழுவழுப்பான தரையில் அதுவே சறுக்கும். சாலைக் குறுக்குவெட்டுகளில் பெட்டிக்குள் மணல் பொட்டலங்கள் வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவிக்கொண்டு நடக்கலாம், கூச்சப்படாதீர்கள். அடியைச் சின்னதாக வைத்து, பாதம் முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி நடங்கள். கையைக் கோட்டுப் பைக்குள் விடாதீர்கள். கூரை ஓரமாக நடக்காதீர்கள், மார்ச்சில் மேலேயிருந்து பனி மொத்தமாக வழுக்கி விழும்.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். போனதும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோபுஷி மரத்தைக் கண்டுபிடித்து, எட்டுகிற உயரத்தில் ஒரு குச்சியைத் தேர்ந்து ஒரு நூல் கட்டிவிட்டு வாருங்கள். ஏப்ரல் கடைசியில், இலை வருமுன் அதில் வெள்ளைப் பூ வரும். மகள் அன்றைக்குப் படம் எடுத்து அனுப்பட்டும். அதற்குள் இங்கே பாலிக் புலாவில் டுரியான் பிஞ்சு விட்டிருக்கும். இப்போது வறட்சியில் கிளையின் அடிப்பக்கம் கடுகு கடுகாக மொட்டு வைத்திருக்கிறது. மார்ச்சில் பெருமழை இறங்காமல் இருந்தால் அது சாயங்காலம் விரிந்து, இரவு வௌவால் வந்துபோய், விடிவதற்குள் தரையில் கொட்டிக் கிடக்கும். நீங்கள் திரும்பும் வாரம் சரியாக அதுதான் நடந்துகொண்டிருக்கும். செந்தூலிலிருந்து நாலரை மணி நேரப் பயணம்தான்.